பேசும் டிபன் கேரியர்

நிஷா பெரிய கேள்வியாகக் கேட்டுத் தொலைத்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கைநிறையச் சம்பளம் வந்த வேலையை விட்டுவிட்டு, கொரட்டூர் வீட்டு மாடியில் அவள் செய்து முடித்தது ஒரு பேசும் டிபன் கேரியர். இடுப்பு உயரம், மூன்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் முன்பக்கம் ஒரு குட்டி மூடி. திறந்தால் ஒரு கேள்வி கேட்கும். பதிலை உள்ளே சொல்லி மூடிவிட வேண்டியதுதான். எதையும் பதிந்து வைக்காது, யாரிடமும் போட்டுக் கொடுக்காது. மனுஷன் கொஞ்ச நேரம் விளையாட்டாகத் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளட்டுமே என்று ஆசை. இன்று ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சோதனை. இது தேறாவிட்டால் பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கணவன் வினோத்திடம் அவளாகவே வாக்குக் கொடுத்திருந்தாள்.

முதல் பந்தி ஆட்கள் வந்தார்கள். "உங்கள் மனம் இப்போது எங்கே இருக்கிறது?" என்றது கேரியர். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி, கம்பெனி வைத்த புகார்ப் பெட்டி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"சாம்பார்ல உப்பே இல்ல சார்!"

"இந்த ஃபேன் சுத்தறதே இல்ல. எத்தினி தபா சொல்லிகினு கீறது?"

மேனேஜர் மனோகரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். "ஏம்மா, இதுக்கு ஒரு அட்டைப்பெட்டி போதுமே? அடுத்த பந்தியில ஒருத்தராவது மனசுலேர்ந்து பேசட்டும். இல்லேன்னா வண்டில ஏத்திடு."

நிஷாவுக்கு அந்த நேரம் பார்த்து வேப்பம்பட்டிலிருந்து அம்மா பொன்னியம்மாவின் போன்.

"சாப்டியாடி?"

"சாப்டேம்மா." கூசாமல் புளுகினாள்.

"இன்னா கொழம்பு?"

"வத்தக்கொழம்பு."

"யார்கூட சாப்ட?"

அம்மா தினமும் கேட்பதுதான். இன்றைக்கு என்னவோ மாடியில் தனியாக உட்கார்ந்து தின்ற சோறெல்லாம் நினைவுக்கு வந்தது. போனை வைத்தவள், "அட மண்டு!" என்று தலையில் தட்டிக்கொண்டாள். ஓரமாகப் போய், அந்த மூன்று கேள்விகளையும் தன் குரலிலேயே பேசிக் கேரியருக்குள் ஏற்றினாள்.

இரண்டாவது பந்தியில் வெல்டிங் செக்‌ஷன் மதுரைவீரன்தான் முதலில் வந்தான். வாய்த்துடுக்குக்காரன். நாலு பேரைச் சிரிக்க வைக்கலாம் என்று முதல் மூடியைத் திறந்தான்.

"சாப்டியா?"

"ஆச்சு நைனா!"

"இன்னா கொழம்பு?"

"கத்திரிக்கா போட்ட கருவாட்டுக் கொழம்பு. ஊட்ல வெச்சது. ஒனக்குத் தர மாட்டேன் போ."

கூட்டம் சிரித்தது. அவன் மூன்றாவது மூடியைத் திறந்தான்.

"யார்கூட சாப்ட?"

மதுரைவீரன் மூடியருகே குனிந்தான். பின்னால் சிரிப்பு அடங்கிப் போயிற்று.

"தனியாத்தான்," என்றான் மெதுவாக. "எப்பவும் ஜெகதீசன்கூடதான் சாப்டுவேன். இப்ப பேச்சு இல்ல. தப்பு எம்மேலதான். வாய் ஜாஸ்தி எனக்கு."

வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றது யார் என்கிறீர்கள்? ஜெகதீசனேதான்.

"தெரியுதுல்ல?" என்றான் அவன். "மீதி கொழம்பு வெச்சிகீறியா? கொண்டா."

மனோகரன் கிட்டே வந்து, "மிஷின் இங்கயே இருக்கட்டும்மா. விலையை எழுதிக் குடு," என்றார். நிஷாவுக்கு மகிழ்ச்சியில் கண் கலங்கிவிட்டது. அழுதால் தொழில் கெட்டுவிடும் என்று ஒயரைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

குனிந்த இடத்தில் கருவாட்டு வாசனை அடித்தது. நிமிர்ந்தால், மதுரைவீரன். வாய் நிறையச் சோறு. எச்சில் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் மூன்றாவது மூடியைத் திறந்தான்.

"யார்கூட சாப்ட?"

"ஜெகதீசன்கூட," என்று சொல்லிவிட்டு மூடியைச் சாத்தினான்.