ஏன் இன்னும் இங்கே

மதியம் சோற்றுக்கு வீட்டுக்கு வந்த என் கணவர் மிக்கேல் கை கழுவாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"படி மேரி. நான் படிச்சது சரியான்னு பாரு."

தாளில் ஒரே கேள்வி, கீழே பெரிய கட்டம். 'நீங்கள் ஏன் இன்னும் இங்கே இருக்கிறீர்கள்?'

லாரிக்கு பாடி கட்டும் அந்தப் பட்டறையில் அவருக்குப் பத்தொன்பது வருடம். வெல்டிங் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. ஆட்களைக் கவனிக்க தனப்பிரியா என்று ஒரு பெண் புதிதாக மேனேஜராக வந்திருந்தாள். எல்லாருக்கும் தாளை அடித்துக் கொடுத்தவள் அவள்தான். கூடவே, மிக்கேலை ஏற்காட்டில் மூன்று நாள் தலைமைப் பயிற்சிக்கு அனுப்புவதாகவும் சொல்லியிருந்தாள்.

அதுதான் எங்களுக்கு இடித்தது. இரண்டு வருடம் முன்பு பெயிண்டிங் பிரிவு சந்திரசேகரையும் இப்படித்தான் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர் சாவிக்கொத்து வேறொருவன் இடுப்பில் தொங்கியது.

கூடவே வந்திருந்த அவர் பிரிவுக் காளியப்பன் வாசலிலேயே நின்று சிரித்தார். "கழுத்தப் புடிச்சுத் தள்றதுக்குத் தாள் வேற அடிச்சிருக்காங்க பாருங்கக்கா. நான் எழுதிட்டனுங்க. வெல்டிங் ராடு இரும்புல ஒட்டிக்கிட்ட மாதிரி ஒட்டிக்கிச்சு, புடுங்க வரலைன்னு."

மிக்கேல் சிரிக்கவில்லை. "அவங்க தள்றதுக்கு முன்னால நாமளே போயிரலாம். ராஜினாமா எழுதிக் குடு, மேரி. உன் எழுத்துன்னா மரியாதையா இருக்கும்."

எழுதிக் கொடுத்தேன். கொடுக்கும்போது, "கேட்டதுக்குப் பதில் சொல்லாமக் குடுத்தா அவங்க கேட்டது சரின்னு ஆயிருமுங்க" என்றேன்.

மறுநாள் மதியம் வந்தவர் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடிதம் பையிலேயே இருந்தது. நடந்ததைச் சோறு பிசைந்துகொண்டே சொன்னார். அந்தக் கேள்வியை அவள் எதிரிலேயே உரக்கப் படித்திருக்கிறார். கேட்டதும் அவள் வாயில் கை வைத்துவிட்டாளாம்.

"ஐயோ, நான் அப்படிக் கேக்கலீங்கண்ணா! எங்களை விட்டுப் போகாம உங்களைப் புடிச்சு வச்சிருக்கறது எதுன்னுதானுங்க கேட்டேன். இங்கிலீசுல இருந்ததை நானே தமிழ் பண்ணேன்."

"அப்படிக் கேட்டிருந்தாலும் சந்தேகந்தானுங்க பட்டிருப்போம்" என்றாராம் இவர்.

"தாளு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் எழுதாம வெறுந்தாளாக் குடுத்துட்டேன்" என்றார்.

ஏற்காட்டுக்குப் போனார். மூன்று நாளும் காளியப்பனுக்குப் போன் போட்டு, "என் இடத்துல யாரு நிக்கறாங்க?" என்று கேட்டபடியே இருந்தார். யாரும் நிற்கவில்லை. திரும்பியபோது சாவி ஆணியிலேயே தொங்கியது. அடுத்த மாதம் பிட்டிங் பிரிவையும் அவரிடமே கொடுத்தார்கள். ஆனாலும் நான் எழுதிய கடிதத்தை அவர் கிழிக்கவில்லை. போன தவக்காலத்தில் நெஞ்சு வலி வந்து இறந்த பிறகு அதை அவர் பீரோவில் பார்த்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த சற்று நேரத்தில் தனப்பிரியா வந்தாள். கையில் ஒரு கவர். எதிலோ கையெழுத்து வாங்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளிருந்த தாளைப் படிக்காமல் முதலில் பின்பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

முன்பக்கம் அதே கேள்வி. கட்டத்துக்குள் மிக்கேலின் சாய்ந்த எழுத்து.

'பன்னிரண்டு நிமிசத்தில் வீடு. மதியம் போய்ச் சாப்பிட்டு வரலாம். அவளுக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது.'

நான் நிமிர்ந்தபோது மணி ஒன்றரை இருக்கும்.

"சாப்டீங்களாக்கா?" என்றாள் தனப்பிரியா.

எதற்குக் கேட்கிறாள் என்று முதலில் சந்தேகமாகத்தான் இருந்தது. பிறகு எழுந்து போய் இரண்டு தட்டு எடுத்து வந்தேன்.