கனகேஸ்வரி அக்கா கூப்பிட்ட பெயர்

கறி ருசியாக இருந்தது என் குற்றமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் யார் வேண்டுமானாலும் என்னைக் குறை சொல்லட்டும்.

எனக்கு ஜார்ஜ் டவுன் சூலியா ஸ்ட்ரீட்டில் நாசி கண்டார் கடை; சோறும் கறியும் விற்கிற கடைக்கு இங்கே மலாயில் அப்படித்தான் பெயர். மத்தியானம் ஆனால் வாசல் தாண்டி ஆள் நிற்கும். அந்த வரிசையில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு வந்து நிற்பவர் அம்பிகைபாகன். துறைமுகத்துப் பக்கம் ஓர் ஆபீசில் கப்பல் கணக்கு எழுதும் தலைமைக் கிராணி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். மற்றவர்களெல்லாம் என்னை "பாய்" என்பார்கள். அவர் மட்டும், "பஷீர், நீர் இண்டைக்கு என்ன மீன் போட்டனீர்?" என்று கோர்ட்டில் விசாரிப்பதுபோல் கேட்பார். நல்ல மனிதர். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? ஒருநாள் வீட்டில் விருந்தாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடும்போது, "மீன்கறி எண்டால் பஷீரின்ர கடைதான். இவவின்ர கறி அதுக்குக் கிட்டவும் வராது" என்று சொல்லிவிட்டார். கறியை வைத்தவன் நான், சொன்னவர் அவர், கையில் அகப்பையோடு கேட்டுக்கொண்டு நின்றது அவர் மனைவி கனகேஸ்வரி அக்கா. அன்று சாயங்காலத்திலிருந்து அக்கா புருஷனோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

சண்டை போட்டிருந்தால் ரெண்டு நாளில் தீர்ந்திருக்கும். அக்கா சண்டை போடவில்லை. வேளைக்குச் சோறு வந்தது, இஸ்திரி போட்ட சட்டை வந்தது, காலையில் கோப்பி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. சொல்லியே தீர வேண்டிய விஷயமென்றால் வீட்டுப் பூனையிடம் சொல்வார். "பூனை, சோறு ஆறுது." "பூனை, டெலிபோன் அடிக்குது." பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விட்ட வீடு. பேச வேறு ஆளும் இல்லை.

"மன்னிப்புக் கேக்க வேண்டியதுதானே அண்ணே?" என்றேன், கடைக்குச் சாப்பிட வந்து இதையெல்லாம் சொன்னவரிடம்.

"கேட்டனான். எத்தனை தரம் கேக்கிறது? பூனைக்கே சலிச்சுப் போச்சு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "பகிடி இல்லை, பஷீர். ரெண்டு பேரும் இப்பிடியே கதைக்காமல் கதைக்காமல் ஒருநாள் போய்ச் சேர்ந்திடுவமோ எண்டு பயமாக் கிடக்கு" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு பொம்பளையால் மாதக்கணக்கில் பேசாமல் இருக்க முடியுமா என்று வீட்டுக்கு வந்து என் மனைவி ரோஹானாவிடம் கேட்டேன். முடியும் என்றாள். சொல்லும்போது அவள் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

பிறகு கிராணி ஒரு காரியம் செய்தார். சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து சின்னதாக ஒரு போட் வாங்கினார். கடற்காற்றுப் பட்டால் அக்காவின் மனம் இளகிவிடுமாம். கப்பல் கணக்கு எழுதுகிறவருக்குக் கடல் தெரியும் என்று எந்தப் புத்தியுள்ளவன் சொன்னானோ! ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவும் அந்த போட்டில் ஏறினார், வாயைத் திறக்காமலே. பேசுவதே இல்லை, ஏன் கூடப் போகிறீர்கள் என்று பக்கத்து வீட்டு செல்வநாயகி கேட்டதற்கு, "தனியப் போய் விழுந்தால் ஆர் பார்க்கிறது?" என்றாராம். இந்த ஒரு வார்த்தையைப் புருஷனிடமே சொல்லியிருந்தால் எனக்கு இந்த வம்பெல்லாம் இல்லை.

என்னிடமும் ஒரு சம்பான் உண்டு. பலகைப் படகு, பின்னால் ஒரு பழைய இஞ்சின். கடலில் கம்பு நட்டு மீன் பிடிக்கிற கேலோங்குகளுக்கு நேரே போய்க் கடைக்கு மீன் எடுத்து வருவேன். அந்த இஞ்சின் கொஞ்சம் இருமும். இருமினால் என்ன, ஓடுகிறதே! ஜெலுத்தோங் கரையில் ஆளாளுக்கு அதைக் கிண்டல் பண்ணுவார்கள். என் கறியைக் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன். இஞ்சினைச் சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

எங்கள் தீவுக்குப் பாலம் போடக் கடலில் தூண் இறக்கிக்கொண்டிருந்த வருஷம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் தாண்டியதும் வானம் திடீரென்று கறுத்தது. நான் சம்பானைக் கட்டிவிட்டு மீன்கூடையைத் தூக்கும்போது வலைக்காரர் அப்துல் ரஹீம் ஓடி வந்தார்.

"பஷீரு, உன் கிராணி போட் அங்க சும்மா மிதக்குது லா. இஞ்சின் செத்துப் போச்சி போல. அந்தம்மாவும் கூட இருக்காங்க."

"காத்து வருதே அண்ணே."

"அதுக்குத்தான் ஓடியாறேன். என் போட் கரை மேல கெடக்குது, எறக்க நேரமாவும். நீ போ. நான் மெரின் போலீசுக்கு போன் அடிக்கிறேன்."

பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். நல்ல நாளிலேயே அந்த இஞ்சின் என் பேச்சைக் கேட்காது. ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டு அந்த மனிதர் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடியது. பாவி மனிதர், சொன்னதுபோலவே பேசாமல் போய்ச் சேர்ந்துவிடுவார் போலிருக்கிறதே! பிஸ்மி சொல்லிக் கயிற்றை இழுத்தேன். இஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

கொஞ்ச தூரம் போவதற்குள் மழை வந்து முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. தேடிக் கண்டுபிடித்தபோது கிராணியின் போட் பக்கவாட்டில் அலை வாங்கிக்கொண்டு, யாரோ கைவிட்டுப் போன ஒரு பழைய கேலோங்கின் கம்புகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முன்பக்கம் அக்கா கைப்பையை மடியில் வைத்துக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடையில் கம்பிதான் மிச்சம். பின்பக்கம் கிராணி இஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். ரெண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம்தான் இருக்கும்.

"கயிறு வீசுறேன்! புடிச்சி முன்னால கட்டுங்க!" என்று கத்தினேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, கட்டத் தெரிஞ்ச ஆள் பின்னால இருக்கிறார். அவரிட்டச் சொல்லுங்கோ."

"பஷீர், அவவைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லும். அப்பதான் நான் முன்னுக்கு வரலாம்" என்றார் கிராணி.

"அக்கா, தள்ளி உட்காருங்க!"

"மெல்லமா வரச் சொல்லுங்கோ, பலகை வழுக்குது."

"அண்ணே, வழுக்குதாம்!"

"கேட்டது, கேட்டது. ஓம் எண்டு சொல்லும்."

யா அல்லாஹ்! தலைக்கு மேல் வெள்ளம் போகிறது, நடுக்கடலில் நான் இவர்களுக்குப் பூனை வேலை பார்க்கிறேன். "ஏன், ரெண்டு பேரும் நேரா பேசிக்கிட்டா குடி முழுகிப் போயிடுமா?" என்று கத்தினேன். ரெண்டு பேரும் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள். கயிறு ஒருவழியாகக் கட்டியாயிற்று. கிராணி தவழ்ந்து தன் இடத்துக்கே போய்விட்டார்.

அந்தக் கம்புகளை ஒட்டித்தான் திரும்ப வேண்டியிருந்தது. "அண்ணே, கம்பு கிட்ட வந்தா துடுப்பால தள்ளி விடுங்க. எழுந்து மட்டும் நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் பார்த்து ஓட்டினேன். வருகிற அலையைப் பார்ப்பேனா, பின்னால் இவர்களைப் பார்ப்பேனா?

கொஞ்ச நேரத்தில் அக்காவின் குரல் காற்றில் அறுந்து அறுந்து வந்தது. "இஞ்சா… இஞ்சா…"

இஞ்சினாம்! எனக்குச் சுர்ரென்று ஏறியது. உயிரைப் பணயம் வைத்து வந்தவனிடம் இஞ்சின் இருமுகிறது என்று புகார். திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் கொடுத்தேன். "இஞ்சின் நல்லாத்தான் இருக்கு அக்கா! பேசாம உட்காருங்க!"

"இஞ்சா… ங்கோ! இஞ்சா… ங்கோ!"

"அதான் சொல்றேன்ல, ஒண்ணும் ஆவாது!" அவருக்குக் காட்ட வேண்டும் என்றே இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். சம்பான் துள்ளிக்கொண்டு போனது.

அப்போதுதான் அது கேட்டது. காற்று, மழை, இஞ்சின் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல். "அம்பிகைபாகன்!"

யார் கூப்பிடுவது என்று முதலில் எனக்குப் புரியவே இல்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அக்கா மாதிரிப் பெண்கள் நம்பினார்கள். ஆஸ்பத்திரியில் புருஷன் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவரைச் சொல்லச் சொல்வார்கள். என் ரோஹானா கோபம் வந்தால் "பஷீரு" என்று கூப்பிடுவாள், கோபமும் அடிக்கடி வரும். ஆனால் கனகேஸ்வரி அக்காவா? திரும்பிப் பார்த்தேன். அக்கா ஆடுகிற போட்டில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையில் குடை இல்லை. பின்பக்கம் யாருமே இல்லை.

அக்கா கூப்பிட்டது இஞ்சினை இல்லை. "இஞ்சாருங்கோ" என்றிருக்கிறார். இங்கே பாருங்கள் என்று அர்த்தம். அவர்கள் வீட்டில் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிட இருக்கிற ஒரே சொல் அதுதான். இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த சொல்லை அந்த அம்மா வெளியே விட, நான் அதை இஞ்சின் ஆக்கி, கம்பைத் தள்ள எழுந்து தண்ணீரில் விழுந்த மனிதரை அங்கேயே விட்டுவிட்டு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

வேகத்தைக் குறைத்து அகலமாக வளைத்துத் திருப்பினேன். மழையில் அக்கா இருந்த போட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "அண்ணே! அண்ணே!" என்று கத்தினேன். அக்கா நிறுத்தவே இல்லை. "அம்பிகைபாகன்! அம்பிகைபாகன்!" எங்கிருந்தும் பதில் இல்லை. கம்புகளின் ஓரமாக அவருடைய துடுப்பு மட்டும் மிதந்து வந்தது. முடிந்தது என்றே நினைத்தேன். அக்கா நினைக்கவில்லை. குரல் உடைந்து போயும், மூச்சு வாங்கி வாங்கி, அந்த நீளப் பெயரில் ஓர் எழுத்தைக்கூட விழுங்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசிக் கம்பைச் சுற்றினேன். அங்கே, அந்தக் கம்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில், கண்ணை மூடியபடி கிராணி இருந்தார். மயங்கிவிட்டார் என்று நினைத்தேன். கிட்டப் போனால் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறார்!

சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து என் சம்பானுக்குள் போட்டேன். வந்த கோபத்தில் இத்தனை வருஷத்து மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "யோவ்! உசுரோடதான இருக்கே? அந்தம்மா தொண்டை கிழியக் கத்துறாங்க, ஒரு சத்தம் குடுத்தா என்னய்யா?"

அவர் உப்புத் தண்ணீரைத் துப்பினார். பல் தந்தியடித்தது. "குடுத்தால் நிப்பாட்டிப் போடுவா" என்றார்.

எனக்கு அடிப்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"முதல்ல மூச்சு வரேல்லை, பஷீர். அல்லாட்டில் கத்தியிருப்பன். பிறகு அவவின்ர வாயால என்ர பேர் கேட்டுது. கலியாணம் கட்டின நாள் தொட்டு ஒருக்காலும் கேட்டதில்லை. இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா எண்டு இருந்திட்டன்."

அக்கா அந்த போட்டிலிருந்து அவரைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் அப்படியே உட்கார்ந்தார். கரை வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சரிதான், மறுபடியும் ஆரம்பித்தாயிற்று என்று நினைத்தேன். கிராணியும் அதையே நினைத்திருக்க வேண்டும். என் காலடியில் குறுகி உட்கார்ந்து, பின்னால் வருகிற போட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜெலுத்தோங்கில் ரஹீம் அண்ணன் துண்டும் கோப்பியுமாக நின்றார். மெரின் போலீஸ் கிளம்பிவிட்டதாம், எங்கே என்றுதான் தெரியவில்லையாம். அக்காவைக் கைபிடித்து இறக்கினோம். அவர் விடுவிடுவென்று புருஷன் முன்னால் வந்து நின்றார்.

"நான் கூப்பிட்டது உங்கட காதில விழுந்ததோ?"

"ஓம்" என்றார் கிராணி மெதுவாக.

"முதல் தரமே விழுந்ததோ?"

"ஓம்."

"அப்ப ஏன் பேசாமல் இருந்தனீங்கள்? ஒருக்காச் சொன்ன உடன ஒரு குரல் குடுத்திருந்தால், நான் ஒண்டோட நிப்பாட்டி இருப்பனே! எத்தனை தரம் சொல்லிப்போட்டன்! ஒவ்வொரு தரத்துக்கும் உங்கட ஆயுசில எவ்வளவு போச்சுதோ ஆருக்குத் தெரியும்!"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஈரச் சேலையோடு படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதார். புருஷனைக் கடலிலிருந்து கூப்பிட்டு எடுத்ததும் தான்தான், அவர் உயிரைக் குறைத்ததும் தான்தான் என்று அந்த அம்மா உண்மையாகவே பயந்து போயிருந்தார்.

கிராணி நடுங்கிக்கொண்டே பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நானும் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"போனது போகட்டும், கனகு. மிச்சம் எவ்வளவு கிடந்தாலும் எனக்குப் போதும். அது முடியும் மட்டும் கதைச்சுக்கொண்டிரு."

அக்கா மூக்கைச் சிந்தினார். ரஹீம் அண்ணன் நீட்டிய துண்டை வாங்கினார். அதை என்னிடம் கொடுத்துச் சொல்லச் சொல்வாரோ என்று நான் கையைக்கூட நீட்டிவிட்டேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை.

"தலையைத் துடையுங்கோ, தடிமன் பிடிக்கும்" என்றார், புருஷன் முகத்தைப் பார்த்து.

கிராணி துண்டை வாங்கிக்கொண்டார். தலையைத் துடைக்கவில்லை. அதை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதார்.