பழைய வெர்ஷனில் இருந்த குரல்

லிஃப்ட் மெக்கானிக் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். அதை மாற்ற அவர் மனைவி ஒருத்தியால்தான் முடிந்தது. அவளும் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அதனால் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழையும்போதே, "பழைய வெர்ஷன் போட்ட மெஷின்தான் வேணும்" என்று சொல்லிக்கொண்டே நுழைந்தார்.

அவர் தள்ளி வந்த சக்கர நாற்காலியில் மகள். வயது முப்பத்தொன்று, அப்பாவுக்கு இன்னும் குட்டி. பிறந்ததிலிருந்தே பேச்சு வரவில்லை, விரல்களும் சொன்ன பேச்சைக் கேட்காது. கட்டை கட்டையாக எழுத்துகள் இருக்கும் கீபோர்டில் தட்டுவாள்; தட்டியதை வீட்டுக் கம்ப்யூட்டர் வாய்விட்டுச் சொல்லும். அவளுக்கு ஒன்பது வயதில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு குரலாகக் கேட்டுப் பார்த்து, "இதுதாங்க நம்ம குட்டி" என்று ஒரு சிறுமியின் குரலை எடுத்து வைத்தாள். அன்றிலிருந்து அதுதான் அவள் குரல். போன வாரம் அந்தக் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. வீட்டில் பேச்சுமூச்சே இல்லை.

கடைக்காரம்மா பொறுமைசாலி. "பழைய ஸ்டாக்ல ஒரு மெஷின் இருக்கு சார். அதுல பழைய வெர்ஷன் ஏறும். ஆனா கம்பெனியே அதைக் கைகழுவிடுச்சு. ஓட்டை விழுந்து வெளியாள் உள்ள பூந்தா அடைக்க ஆள் கிடையாது."

"எங்க வீட்ல திருட என்ன இருக்கு?"

"உங்க பொண்ணு கடைகளுக்குக் கணக்குப் பாத்துக் குடுக்கறாங்கன்னு போன்ல சொன்னீங்களே. அது இருக்கே."

பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது மெக்கானிக்கின் வழக்கம். "அதெல்லாம் விடுங்கம்மா. புதுசுல எங்க குட்டி குரல் வருமா, வராதா?"

"வராது சார். அந்தப் புரோகிராம் புதுசுல ஓடாது. வேற குரல் நிறைய இருக்கு."

"குரல் என்ன சட்டையா, ஒண்ணு கிழிஞ்சா இன்னொண்ணு மாட்டிக்க? அவங்கம்மா பாத்துப் பாத்து வெச்ச குரலும்மா அது."

நாற்காலியின் கைப்பிடியில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. மகள் அப்படித் தட்டினால், கொஞ்சம் நிறுத்து என்று அர்த்தம். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் பையில் எடுத்து வந்திருந்த கீபோர்டைக் கடைக்காரம்மா வாங்கி, புது வெர்ஷன் ஓடிக்கொண்டிருந்த மெஷினில் மாட்டினாள். குரல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். மகள் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே வந்தாள். கொஞ்சம் கரகரப்பாக, நிதானமாக, விவரம் தெரிந்த ஒரு பெண்ணின் குரல் வந்தபோது தலை நின்றது.

பிறகு அவள் தட்ட ஆரம்பித்தாள். மெக்கானிக் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அவள் தட்டும்போது திரையைப் பார்க்கக் கூடாது, அது வாயிலிருக்கும் பேச்சைப் பிடுங்குவதற்குச் சமம் என்று அவள் அம்மா போட்ட சட்டம். மனுஷன் எதை மீறினாலும் அதை மீறியதில்லை.

"அப்பா, கடைக்காரங்களுக்குப் போன் பண்ணா, 'பாப்பா, வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா குடும்மா'ன்னு சொல்றாங்க."

அவர் திரும்பவில்லை. "இத்தனை வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

தட்டும் சத்தம் கேட்டது. அழித்துவிட்டு மறுபடி தட்டும் சத்தம்.

"எந்தக் குரல்ல சொல்றது?"

கடைக்காரம்மா உள்ளே ஏதோ வேலை இருப்பதுபோல் நகர்ந்துகொண்டாள். மகள் நிறுத்தவில்லை.

"அம்மாவைக் கிடத்தியிருந்த அன்னிக்கு நான் அம்மான்னு தட்டித் தட்டி அழுதேன். அந்தக் குரல் அதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. வந்தவங்கெல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க."

அந்த நாள் மெக்கானிக்குக்கும் நினைவிருக்கிறது. குழந்தை கூப்பிடுகிறாளே, நீ எழுந்திருக்க மாட்டாயா என்று மனைவியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவர் அழுதார். கூப்பிட்டது குழந்தை இல்லை, தாயைப் பறிகொடுத்த ஒரு பெண் என்று அவருக்கு உறைக்கவே இல்லை. பெற்ற மகளின் அழுகை காதில் விழாத தகப்பன் என்ன தகப்பன். தன்மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது. அப்போதும் அந்தச் சின்னக் குரலை விட மனம் வரவில்லை, அதுதான் கொடுமை. மனைவி விட்டுப்போனதில் அது ஒன்றுதான் வீட்டில் பேசிக்கொண்டிருந்தது.

"புதுசே போட்டுடுங்கம்மா" என்றார், திரும்பி வந்த கடைக்காரம்மாவிடம். அவர் சொன்னது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு பையன் வந்து எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். மெக்கானிக் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே யாரோ ஒரு பெண் கூப்பிட்டாள். குழாயை மூடினார். மறுபடியும் கூப்பிட்டாள். இந்த நேரத்தில் யார் வந்திருக்கிறார்கள் என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, கூடத்தைத் தாண்டி, மகளையும் தாண்டிப் போய் வாசல் கதவைத் திறந்தார்.

வெளியில் யாரும் இல்லை. எதிர் வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பின்னால் கீபோர்டுக் கட்டைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, அழித்து மறுபடி ஒன்று. சட்டப்படி அவர் திரும்பாமல் காத்திருந்தார்.

"நான்தாம்பா" என்றது அந்தக் குரல்.

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தார். தெரிந்திருக்கவில்லை என்பது இருவருக்குமே தெரியும். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, மகளுக்கு முகத்தைக் காட்டாமல், அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.