பெரிய பிள்ளைக்கு நீலப் பட்டி

கப்பலில் ஏறி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, முனவ்வறாவுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. ஏறாமல் என்ன செய்யும்? பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் நீலப் பட்டியைக் கட்டி, பதினேழு வயதுக் குமர்களோடும் மீசை அரும்பிய பொடியன்களோடும் போய் இரு என்று விட்டால் எந்தத் தாய்தான் பொறுப்பாள்?

அந்தக் கப்பலில் பிள்ளைகளுக்கென்று மூன்று கிளப். மூன்றிலிருந்து ஏழு வயது வரை சிவப்புப் பட்டி. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மஞ்சள். பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை நீலம். மஞ்சள் பட்டிக்காரருக்கு மேல்தளத்தில் தண்ணீர்ச் சறுக்கு இருந்தது, களிமண் பிசைய மேசை இருந்தது, முதல் நாள் பின்னேரம் நான்கு மணிக்குக் கப்பல் முழுக்க ஓடித்திரிந்து புதையல் தேடும் விளையாட்டும் இருந்தது. மகள் அம்ஹா அதன் வீடியோவை மருதமுனை வீட்டில் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பாவின் மகன் பர்ஸான் தோஹாவில் இருந்து போனில் வர, இவள் இங்கே கொப்பியில் கப்பலின் படத்தைக் கீறி, எந்தப் படியால் ஏறுவது, எந்த மூலையில் முதலில் தேடுவது என்று இரண்டு பேரும் திட்டம் போட்டார்கள். பர்ஸானுக்குப் பத்து வயது. அவனுக்கு மஞ்சள் கிடைத்துவிட்டது. ஒரு வயது மூத்தவளுக்கு நீலம்.

இந்த வேலையைப் பார்த்தது பெரியப்பா அப்துல் ஹமீட்தான். பயணத்துக்கு எல்லாரையும் பதிந்தவர் அவர். பதிகிற நேரம் தம்பி மிஹ்லாரின் போனுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். "அம்ஹா சின்னப் புள்ளையா, பெரிய புள்ளையா? கப்பல்ல கேக்கிறாங்க, கெதியாச் சொல்லுங்க." மிஹ்லார் அதைச் சத்தமாகப் போட்டுவிட்டு மனைவியைப் பார்த்தான். முனவ்வறா அப்போது மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி கையிலேயே நின்றுவிட்டது.

நம்முடைய பக்கத்தில் ஒரு பெண் பிள்ளையைப் பெரிய பிள்ளையா என்று கேட்டால் உயரத்தையோ வகுப்பையோ கேட்பதில்லை. வயதுக்கு வந்துவிட்டாளா என்றுதான் அர்த்தம். ஓர் ஆம்பிளை, அதுவும் புருசனோடு கூடப்பிறந்த மூத்த காக்கா, இப்படி வெளிப்படையாகக் கேட்கலாமா என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கப்பல்காரன் ஏதோ சட்டத்துக்குக் கேட்கிறான் போல, அறை, தண்ணீர், தடாகம் என்று ஏதாவது இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு முந்தித்தான் அம்ஹா பெரிய பிள்ளையாகியிருந்தாள். ஊரைக் கூட்டவில்லை, தண்ணீர் வார்க்கவில்லை, பிள்ளை கேட்டுக்கொண்டபடி ஒருவருக்கும் தெரியாமல் முடிந்த காரியம். புருசனுக்கே அன்றைக்குத்தான் வாய் திறந்து சொன்னாள். "பெரிய புள்ளதான் எண்டு சொல்லுங்க." அவனும் அப்படியே சொல்லிவிட்டான்.

ஹமீட் கேட்டது வேறு. சின்னவர்களின் கிளப்பா, பெரியவர்களின் கிளப்பா என்பதுதான் அவர் கேள்வி. பெரிய பிள்ளை என்று பதில் வந்ததும் நீலத்தில் போட்டுவிட்டார். பத்து வருடம் தோஹாவில் இருந்தால் ஊர்க் கதை மறந்துபோகும் போல.

கிளப் வாசலில் வேலைக்கு நின்ற இளம் பிள்ளை முதலில் இங்கிலீசில் கதைத்தாள். முனவ்வறா "அல்லாஹ்வே, இது என்ன கூத்து" என்று வாய்க்குள் முணுமுணுத்ததைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டாள். பெயர் தர்சினி, சொந்த ஊர் பாண்டிருப்பு. மருதமுனையில் கூப்பிட்டால் பாண்டிருப்பில் கேட்கும். பாஸ்போட்டைப் பார்த்துவிட்டு, பதினொன்றுதானே, மஞ்சள்தான் சரி, ஏன் நீலத்தில் போட்டிருக்கிறது என்று அவளே கேட்டாள். பக்கத்துப் பிள்ளை ஒருத்தி கிடைத்த ஆறுதலில் முனவ்வறா எல்லாவற்றையும் கொட்டினாள். கேள்வியையும் சொன்னாள், பதிலையும் சொன்னாள், அந்தப் பதில் ஏன் வந்தது என்பதையும் சொன்னாள். கோபத்தில் இருக்கிறவளுக்குக் குரலைக் குறைக்கத் தோன்றுமா? தர்சினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு படிவத்தைக் காட்டினாள். பாதுகாவலர் என்ற பெட்டியில் ஹமீட்டின் ஒப்பம் இருந்தது. அவர் வந்து மாற்றி ஒப்பம் வைத்தால் போதும், ஆனால் நான்கு மணிக்குள், அதற்குப் பிறகு புதையல் விளையாட்டின் பெயர்ப்பட்டியலைப் பூட்டிவிடுவார்கள் என்றாள். அப்போது மணி மூன்று.

அம்ஹாவைக் கேபினில் விட்டுவிட்டு முனவ்வறா சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனாள். ஹமீட்டும் மனைவி முஸ்பிறாவும் மிஹ்லாரும் ஐஸ்கிறீம் தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பிழை நடந்திருக்கிறது, ஒரு ஒப்பம்தான், வாங்க மச்சான் என்று பணிவாகத்தான் கேட்டாள். ஹமீட் எழும்பப் பார்த்தார். முஸ்பிறா அவர் கையைப் பிடித்து இருத்திவிட்டாள். பிழையெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை, பெரிய பிள்ளை என்ற பதிலைக் கேட்டதுமே தனக்கு விசயம் விளங்கிவிட்டது, விளங்கித்தான் நீலத்திலேயே விட்டு வைத்தோம் என்றாள்.

"வயசுக்கு வந்த புள்ள. பொடியனுகளோட கப்பல் முழுக்க ஓடித்திரியிறதா? நம்மட ஊராக்கள் நாலு குடும்பம் இந்தக் கப்பல்ல இரிக்கி."

அப்படியென்றால் பதினேழு வயதுப் பொடியன்களோடு இருக்கலாமோ என்று முனவ்வறா கேட்டாள். அங்கேயும் போகத் தேவையில்லையாம். நீலப் பட்டிக்காரரை யாரும் தேட மாட்டார்களாம், அதனால் பிள்ளை நான்கு நாளும் பெண்களோடு கேபினில் இருக்கலாமாம். எவ்வளவு அழகான ஏற்பாடு! பெற்றவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. தோஹாவில் இருந்தே பிள்ளைக்குக் கதவைச் சாத்திவிட்டு, கப்பல் பார்க்க வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

முனவ்வறா புருசனைப் பார்த்தாள். அவன் கரண்டியைப் பார்த்தான். காக்கா சொன்னால் யோசித்துத்தான் சொல்வார், நாலு நாள்தானே என்றான். அந்த நேரம் அவளுக்கு முஸ்பிறாவை விட அவன் மேல்தான் ஆத்திரம் வந்தது. பிறத்தியாள் அடித்தால் வலி ஒரு மாதிரி, தன் ஆள் பார்த்துக்கொண்டு நின்றால் அது வேறு மாதிரி.

"ஒரு நாள் காலம்பொற அவக்கு என்னமோ நடந்திச்சி" என்றாள். "அதுக்கு அவ என்ன குத்தம் செஞ்ச? முதல் நாள் பதினொண்டு, மறுநாள் முப்பதா? பெரிய புள்ள எண்டா அவட கால வெட்டிப் போடணுமா?"

மண்டபத்தில் நான்கைந்து தலைகள் திரும்பின. ஹமீட் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒப்பம் வைத்த கை வைத்ததுதான், இனி மாற்றுவதில்லை என்றார். முஸ்பிறா ஐஸ்கிறீம் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு எழும்பிப் போனாள். முனவ்வறா கிளப் வாசலுக்குத் திரும்பி நடந்தாள்.

"ஒப்பம் தாய் வச்சாக் காணாதா?" என்று தர்சினியிடம் கேட்டாள். படிவத்தில் உங்கள் பெயரே இல்லையே அக்கா என்று அந்தப் பிள்ளை தயங்கினாள். முனவ்வறா போனைத் திறந்து பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் தாயின் பெயர் இருந்தது. தர்சினி உள்ளே போய் மேலாளரைக் கேட்டுவிட்டு வருவதற்கு இருபது நிமிடம் எடுத்தது. மேலாளர் சரி என்றாராம்.

பேனையைக் கையில் எடுத்தபோதுதான் முனவ்வறாவுக்கு நினைவு வந்தது. அவளுடைய நிக்காஹ்வுக்கு 'வலி' என்ற பாதுகாவலராக வாப்பா ஒப்பம் வைத்தார், மாப்பிள்ளை வைத்தார், இரண்டு சாட்சிகள் வைத்தார்கள். பெண் உள்ளறையில் இருந்தாள். பேனையோடு அவளிடம் யாரும் வரவில்லை, அவளும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. இன்றைக்கு நினைத்தாள். முழுப் பெயரையும் எழுதினாள். அது பெட்டியைத் தாண்டி ஹமீட்டின் ஒப்பத்துக்கு மேலேயும் போனது. போகட்டும்.

மூன்று நாற்பதுக்கு மஞ்சள் பட்டியோடு கேபின் கதவைத் திறந்தாள். அம்ஹா கட்டிலில் முக்காட்டை இறுக்கிக் குத்திக்கொண்டு சுவரைப் பார்த்து இருந்தாள். நீலப் பட்டி கையிலேயே இருந்தது. முனவ்வறா சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். பெரியப்பாவின் முகம் போன போக்கையும் சேர்த்துச் சொன்னாள். பிள்ளை சிரிக்கவில்லை.

"பர்ஸான் வந்த" என்றாள் அம்ஹா. "எனக்கு விளையாட ஏலாதாம். நான் பெரிய புள்ளயாம். பெரியும்மா அவனுக்குச் சொன்னயாம்."

முஸ்பிறாவின் நாக்கு அழுகிப் போக, பத்து வயதுப் பொடியனிடம் சொல்கிற கதையா இது என்று முனவ்வறா தொடங்கினாள். வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். அம்ஹா அது முடியும் வரை காத்திருந்தாள்.

"பெரியும்மாக்கு ஆரு சொன்ன?"

"பெரியப்பா."

"பெரியப்பாக்கு?"

முனவ்வறாவிடம் பதில்கள் நிறைய இருந்தன. மிஹ்லார் இருந்தான், குரல் பதிவு இருந்தது, கேள்வியே பிழையாகக் கேட்கப்பட்ட கதை இருந்தது. முக்கால் மணித்தியாலமாக அத்தனையையும் கப்பல் முழுக்கச் சொல்லிக்கொண்டுதானே திரிந்தாள்.

"நான்தான், மகள், சொன்ன."

"வாப்பாக்கும் சொல்லமாட்டன் எண்டு சொன்ன நீங்க."

"ஓம்" என்றாள் முனவ்வறா. "சொன்னன். என்ட பிழைதான்."

அம்ஹா நீலப் பட்டியை இழுத்தாள். அது வரவில்லை. பல்லால் கடித்து அறுத்துக் கட்டிலில் போட்டாள். மஞ்சள் பட்டியை வாங்கி, தாய் கட்டிவிட நீட்டிய கையைப் பார்க்காமல், தானே மாட்டிக்கொண்டாள். முனவ்வறா செருப்பைத் தேடினாள், வாசல் வரை கூட்டிப்போய் விடுகிறேன் என்றாள்.

"வேணாம்." அம்ஹா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அங்க வாசல்ல நிக்கிற அக்கா. அவக்கும் சொன்னீங்களா?"

முனவ்வறா கட்டிலில் கிடந்த நீலப் பட்டியை எடுத்துக் கைக்குள் சுருட்டினாள். அம்ஹா தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு முக்காட்டை முகத்துக்கு இன்னும் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, புதையல் தேடப் போனாள்.