அப்பாவின் கடைசி விடுமுறைகள்

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க! அதுக்கு முந்தின வருஷமும் இதையேதான் சொன்னீங்க! ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் கடைசி லீவு கொண்டாடுவாரு?"

கூடத்தின் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தவர் வீட்டின் ஒரே மகன், ஆடிட்டர். பெட்டி இன்னும் கையைவிட்டு இறங்கவில்லை. கடற்கரை விடுதியில் ஜன்னலைத் திறந்தால் அலை தெரிகிற அறையாகப் பார்த்துப் பிடித்து, அதைக் கடைசி நேரத்தில் விட்டுவிட்டு வந்த ஆத்திரம் அவருக்கு.

"மெதுவாப் பேசுடா, அப்பா காதுல விழப்போகுது" என்று தம்பியைவிட உரக்கக் கத்தினார் பெரியக்கா.

"விழட்டும்! மனுஷன் குண்டுக்கல்லு மாதிரி இருக்காரு. அன்னிக்குப் போன்ல பேசறப்ப ஆப்பிளைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

"ஏன், ஆப்பிள் தின்னா சாகமாட்டாங்களா?"

"அவரு கடிச்ச கடி அப்படி, அக்கா. சாகப்போறவன் கடியா அது?"

ஆடிட்டர் மனைவி தன் பங்குக்கு மூக்கை உறிஞ்சினார். "எனக்கென்ன வந்துச்சு. நீச்சல் டிரெஸ் வாங்கினது வாங்கினதுதான். அதைப் போட்டுக்கிட்டே இங்க பாத்திரம் தேய்ச்சுட்டுப் போறேன்."

எதிர் வரிசை வீடுகளில் அந்நேரம் பார்த்து நாலைந்து பேருக்கு ஜன்னல் கண்ணாடி துடைக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடியே கிடையாது.

உள்ளறையிலிருந்து அப்பாவின் விசில் கேட்டது. நீளமாக ஊதினால் டீ. குட்டையாக இரண்டு முறை ஊதினால் தலையணை சரிந்துவிட்டது என்று அர்த்தம். இது நீளம். சமையலறையில் இருந்த கடைசி மகள் சின்னவள், சண்டையில் யார் பக்கமும் சேராமல், டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருஷங்களுக்கு முன் நெஞ்சில் லேசாக ஒரு வலி வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "இனிமே கொஞ்சம் பாத்து இருந்துக்கங்க" என்றார். எல்லாரிடமும் சொல்வதுதான். அப்பா அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார். அந்த வருஷம் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை எல்லாம் வரவழைத்து, "அடுத்த லீவுக்கு நான் இருக்க மாட்டேன்" என்றார். எல்லாரும் அழுதார்கள். அழுகை அவருக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த வருஷமும் வரவழைத்தார். தெருவில் இப்போது அவருக்குப் பெயரே 'கடைசி லீவு'. "கடைசி லீவு வீட்டுக்குச் சொந்தக்காரங்க வந்தாச்சு போல" என்றால் பள்ளிக்கூடம் மூடிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். காலண்டர் தேவையில்லை.

அம்மா இருந்தவரை இதெல்லாம் நடக்கவில்லை. அவர் இருந்தபோது வீட்டில் நோயாளியாக இருக்கும் உரிமை அம்மாவுக்கு மட்டும்தான் இருந்தது.

சின்னவள் என்றால் சின்னப்பெண் என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணம் ஆகாமலே காதோரம் நரைத்துவிட்டது. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடையில், ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரிவது அவளால்தான். ஆனாலும் அவள் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தெருவில் யாருக்கும் கண்ணாடி தேவைப்பட்டதில்லை.

நடந்தது இதுதான். கடைக்குப் பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல். அதன் மாஸ்டரிடம் அவள் கார் ஓட்டப் பழகினாள். மற்றவர்கள் ஒரு மழைக்காலத்துக்குள் பழகிவிடுவதை அவள் வருஷக்கணக்கில் பழகினாள். மாஸ்டரும், "மேடத்துக்கு ரிவர்ஸ் இன்னும் சரியா வரல" என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் கவலைப்பட்டார். மனைவியை இழந்தவர், பிள்ளை குட்டி இல்லை. அந்த ரிவர்ஸ் வராததன் காரணம் கடைவீதியில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் வரை எல்லாருக்கும் தெரியும்.

விடுமுறை தொடங்குவதற்கு முன் மாஸ்டர் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி விஷயத்தைச் சொன்னார்.

"லீவு முடிஞ்ச கையோட நான் கிளம்பறேன் மேடம். தம்பி ஊர்லயே ஸ்கூல் வைக்கலாம்னு இருக்கேன்."

"காரும் வருதா மாஸ்டர்?"

"கார் வருது. நீங்க வர்றீங்களான்னுதான் கேக்கறேன்."

"அப்பாவுக்கு இது கடைசி லீவு..."

"தெரியும் மேடம். நாலஞ்சு தடவை கேள்விப்பட்டிருக்கேன்." அவர் குரலில் கிண்டல் இல்லை. "உங்கப்பா மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல. ஆனா நானும் ஒருநாள் சாகப்போறவன்தானே? எனக்கும் ஒரு லீவு வேணாமா?"

சின்னவள் காரைவிட்டு இறங்கிவிட்டாள். வழியெல்லாம் அவளுக்கு உறுத்தியது வேறொன்று. அப்பா சாகப்போகிறார் என்று சொல்வது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்வதைவிட எவ்வளவோ சுலபமாக இருந்தது.

கூடத்துச் சண்டை ஓய்ந்து பெட்டிகள் இறங்கின. அக்காவின் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். மெத்தைகள் தரையில் விரிந்தன, குளியலறைக்கு வரிசை நின்றது, காலை டீ முடிவதற்குள் மதியச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்க வேண்டியிருந்தது. உரித்தது யார் என்று கேட்கத் தேவையில்லை. "உன் கை பட்டாத்தான் ருசி" என்று அண்ணி சோபாவில் சாய்ந்தபடியே பாராட்டுவார். மனசார.

இதற்கு நடுவில் குழந்தை முதன்முதலாக நடந்தது. உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது, கையை விட்டது, தத்தித் தத்திக் கொள்ளுத்தாத்தாவின் கட்டில்வரை போய்ச் சேர்ந்துவிட்டது. வீடே கைதட்டியது. அப்பா தன்னை மறந்து எழுந்து உட்கார்ந்து, "சபாஷ்! முழங்காலைத் தூக்கு! தூக்கு!" என்று கத்தினார். பிறகு எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு மெல்லச் சாய்ந்து, "இதைப் பாக்கத்தான் உசிரப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்று இருமினார். இருமல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

கடைசியாக வந்து சேர்ந்தவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஓட்டத்துக்கான ஷூ, வெந்நீர் குடுவை, அடுத்தவர் தட்டைப் பார்த்து வருத்தப்படும் குணம், இவைதான் அவர் மூட்டை முடிச்சு. விடிந்ததும் ஒரு நடை போய்விட்டு வந்து, சர்க்கரை எப்படி ஆளைக் கொல்லும் என்று டீ குடிக்கிறவர்கள் நடுவில் உட்கார்ந்து விளக்குவார்.

"என்ன அண்ணே, இந்த வருஷமாவது உண்டா? இல்ல, ஒத்தி வச்சாச்சா?"

"கிண்டல் பண்ணுடா, பண்ணு. நான் போனப்புறம் தெரியும்."

"நீ போகமாட்டே அண்ணே. எங்க எல்லாரையும் அனுப்பிட்டு, கதவைப் பூட்டிட்டுத்தான் போவே."

அந்தச் சித்தப்பாதான் ஒருநாள் சமையலறைக்கு வந்து, அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மாஸ்டர் விஷயம் என் காதுக்கு வந்துச்சு."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லலைன்னு கேளு. பஸ் ஸ்டாண்டுல இறங்கினதுமே சொல்லிட்டாங்க. நீ கிளம்பும்மா. நான் இங்கயே வந்து இருந்துக்கறேன். எனக்கு மட்டும் அங்க யாரு இருக்கா? அண்ணன் விசில் ஊதினா பதிலுக்கு நானும் ஒண்ணு வாங்கி ஊதறேன்."

சின்னவளுக்கு வெங்காயமே உரிக்காமல் கண் கலங்கியது. நாளைக்குக் கடைக்குப் போனதும் மாஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை சித்தப்பா நடை முடிந்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். ஒரு காலைக் கழற்றியிருந்தார். சின்னவள் வெந்நீர் கொண்டுவந்தபோது சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை தோளைத் தொட்டாள்.

அவள் கத்தவில்லை. கீழே உட்கார்ந்து மற்ற ஷூவின் முடிச்சை அவிழ்த்தாள். முதலில் நினைத்தது, ஐயோ சித்தப்பா. அடுத்து நினைத்தது, இனி நான் எப்படிப் போவேன். அந்த இரண்டாவது நினைப்புக்காகத் தன்மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது.

ஆடிட்டர் போனை எடுத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். அக்கா மயங்கி விழுந்தார். விழுவதற்கு முன் மெத்தை இருக்கும் பக்கமாக நகர்ந்ததை அண்ணி பார்த்துவிட்டார்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. அப்பா வெளியே வந்தார். சுவரைப் பிடிக்கவில்லை, யார் கையையும் பிடிக்கவில்லை. தம்பியின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியில் கை வைத்தார். பிறகு விசிலை எடுத்து ஊதினார்.

"டேய், நீ டாக்டரைக் கூட்டிட்டு வா. உங்கக்கா வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வண்டிக்குச் சொல்லச் சொல்லு. கூடத்துல மெத்தை எல்லாம் சுருட்டுங்க. நாற்காலி எங்க?"

வாடகை நாற்காலிகள் வந்ததும், இறக்குகிற ஆள் சோம்பலாக ஒவ்வொன்றாக எடுத்ததைப் பார்த்துப் பொறுக்காமல், அப்பா தானே நாலு நாற்காலியை அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கவில்லை. தெருவே வாயைப் பிளந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களை உயர வாரியாக நிற்க வைத்தார். வண்டிக்காரர் குறுக்கு வழியில் போகலாம் என்றதற்கு, "முடியாது. அவன் தினமும் நடந்த வழியாத்தான் போகணும்" என்று முன்னால் இறங்கி நடந்தார். மயானம்வரை நடந்தார். சின்னப் பையன்கள் எல்லாம் பின்தங்கினார்கள்.

திரும்பி வந்து குளித்து, வயிறாரச் சாப்பிட்டு, கட்டிலில் படுத்து, அப்பா நீளமாக ஒரு விசில் ஊதினார். சின்னவள் டீயோடு போனாள். எல்லாரும் அங்கேயே இருந்தார்கள்.

"பாத்தியாம்மா," என்றார் அப்பா, மெலிந்துபோன குரலில். "அடுத்த லீவுக்கு நான் இருக்க மாட்டேன்."

சின்னவள் டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். "நானும் இருக்க மாட்டேன்ப்பா."

"என்ன சொல்றே?"

"நான் மாஸ்டரைக் கட்டிக்கிட்டு அவர் தம்பி ஊருக்குப் போறேன்."

ஆடிட்டர் வெடித்தார். "உனக்கென்ன பைத்தியமா? அப்பா இருக்கிற நிலைமை என்னன்னு தெரியுதா உனக்கு?"

"குண்டுக்கல்லு மாதிரி இருக்காருன்னு நீதானே அண்ணே சொன்னே?"

"அது... அது வெளியில பாக்கறதுக்கு! உள்ளுக்குள்ள எப்படி இருக்காரோ!"

"நாலு நாற்காலி தூக்கினாரு."

"அதனாலதான் சொல்றேன். அந்த அலுப்பு சும்மா விடுமா?" என்றார் அக்கா. "நாங்க எல்லாம் குடும்பம்னு ஒண்ணு வச்சிருக்கோம். வந்து பாக்கத்தான் முடியும், வச்சுப் பாக்க முடியுமா?"

"இந்த வயசுல கல்யாணமா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றார் அண்ணி.

"அவங்க எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டாங்க அண்ணி. இனிமே புதுசா ஒண்ணும் இல்ல."

அப்பா கையை உயர்த்தி எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். போனார்கள், கதவுக்கு அந்தப் பக்கம்வரை. அவர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இத்தனை வருஷம் சும்மா சொன்னேம்மா," என்றார். "இன்னிக்கு அவன் முகத்தைப் பாத்ததும் நிஜமாவே பயம் வந்துடுச்சு. என்னை விட்டுட்டுப் போகாதே."

இது அவளுக்குத் தெரிந்த குரல் இல்லை. இருமல் இல்லை, பெருமூச்சு இல்லை. சரிப்பா, போகவில்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமாத்தான் இருக்கும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. நான் இங்க இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பயந்துக்கிட்டே இருப்போம். நீங்களும் என்கூட வாங்கப்பா. அவர் ஒண்ணும் சொல்லமாட்டார்."

"மருமகன் வீட்ல போய்ச் சாகறதா?"

"சாகாம இருங்களேன்."

அப்பா, டீ ஆறிவிட்டது என்று மட்டும் குறைபட்டுக்கொண்டார். அவள் சூடு பண்ணிக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, எல்லார் கண்ணெதிரிலும் வாசல் வழியாகவே கடைவீதிக்கு நடந்தாள்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. கையெழுத்துப் போட அக்கா வந்தார், அண்ணன் வரவில்லை, அண்ணி புதுப் புடவையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தம்பதிகள் ஊரை விட்டுக் கிளம்பியபோது காரை ஓட்டியது சின்னவள். சந்து முனைவரை ரிவர்ஸிலேயே எடுத்துக்கொண்டு போனாள், ஒரு சுவரும் உரசவில்லை. அங்கே ஸ்கூலில் பெண்களுக்கு அவள்தான் சொல்லிக் கொடுக்கிறாளாம். அப்பாவை ஆடிட்டர்தான் வேறு வழியில்லாமல் கூட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டில் ஏற்கெனவே ஆடிட்டரின் மாமியார், அப்பாவைவிடச் சீனியராக, சாகப்போவதாகச் சொல்லிக்கொண்டு நல்ல காற்றோட்டமான அறையில் படுத்திருந்தார். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு அது தோதுப்படாது என்பதால், அப்பா குணமாகிவிட்டார். அக்கா குடும்பம் மகளோடு வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இந்தத் தெருவில் ‘கடைசி லீவு’ வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறவர்கள் கதவையும் ஜன்னலையும் எப்போதும் சாத்தியே வைத்திருக்கிறார்கள். என்ன மனிதர்களோ.