தங்கையின் நெஞ்சொலி

மாரி ஓய்ந்த மறுநாட் காலையில், கதிரவன் முகிற்றிரையை விலக்கி மெல்ல எட்டிப்பார்க்க, கழுவிவைத்த பளிங்குபோல் ஒளிர்ந்த சாளரங்களும், ஈரம் புலராத செங்கற் சுவர்களும், வெள்ளுடை அணிந்தோர் வரவும் போகவும் ஓயாது ஊசலாடும் கதவங்களுமாக, நகர் நடுவே மருத்துவக் கல்லூரி ஒன்று விழித்துக்கொண்டிருந்தது. அதன் வடபால், படிப்படியாய் மேலேறும் மர இருக்கைகளைக் கொண்ட பேரவை ஒன்று இருந்தது. நுண்ணறிவுடையீர், அங்கே அமர இடமின்றி வாயிற்படிகளிலும் மாணவர் நெருக்கியடித்து நின்று உரை கேட்ட காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தை நினைப்போர் இன்றும் ஒரு பெருமூச்சு விட்டே பேச்சைத் தொடங்குவர்.

அவ்வுரைகளுக்கு உரியவள் நெஞ்சக மருத்துவம் கற்பித்த பேராசிரியை. தங்குதடையின்றிப் பொழியும் அவள் நாவன்மையைக் கண்டு மாணவர் அவளுக்கு ‘அருவி’ என்று பெயரிட்டிருந்தனர். அவள் பேசி முடித்ததும் எழும் கையொலி, கூரையில் அடைந்த புறாக்களைத் திடுக்குற்றுப் பறக்கச் செய்யும். அவ்வொலியில் அவள் உள்ளம் நிலவு கண்ட அல்லியாய் மலரும். அவள் மாணவருள் முதல்வனாய் விளங்கிய ஒருவன், அவள் உரையை ஒரு சொல்லும் பிசகாமல், அவள் மூச்சு வாங்கும் இடத்தில் தானும் மூச்சு வாங்கி ஒப்பிப்பான். தோழர் அவனை ‘எதிரொலி’ என்றழைத்தனர். பொற்பதக்கம் பெற்று, அவன் அங்கேயே மருத்துவனாகவும் அமர்ந்தான்.

ஒருமுறை, வேற்றூர் அவைகளில் உரையாற்றிவிட்டு, பெற்ற புகழின் களிப்பு முகத்தினின்று மறையாத நிலையில் அருவி வீடு திரும்பியபோது, தையற்கடை நடத்திவந்த அவள் தங்கை அவளைக் காண வந்தாள். மாடிப்படியின் நடுவே கைப்பிடியைப் பற்றி நின்று, கரையில் எறியப்பட்ட மீன்போல் மூச்சுக்குத் தவித்த தங்கையைக் கண்டு அருவி ஓடிச்சென்று தாங்கினாள்.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“ஒரு மாசமா இருக்கு அக்கா. உன் ஆஸ்பத்திரியிலதான் காட்டினேன். உன்கிட்ட படிச்ச பையன், அந்த மெடல் வாங்கினவன்தான் பார்த்தான். ஒண்ணுமில்ல, மனக்கவலைன்னு சொல்லிட்டான். நமக்கு அப்படி என்ன கவலைன்னு யோசிச்சு யோசிச்சே கவலை வந்துடுச்சு.”

சிரிக்க முயன்ற தங்கையை இடப்புறமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, செவிக்குழலை அவள் மார்பில் பூவிதழ்போல் மெல்லப் பொருத்தி அருவி உற்றுக்கேட்டாள். தொலைவிலே கற்பாதையில் உருளும் வண்டியின் ஓசையென, தாழ்ந்த உறுமல் ஒன்று எழுந்து அடங்கிற்று. வால்வு எனப்படும் நெஞ்சாங்குலை உள்வாயில்களுள் ஒன்று சுருங்கியிருந்தது. காலந்தாழ்த்தின் உயிருக்கே ஊறாகும் நோய் அது. அறுவை ஒன்றே வழி.

மறுநாள் எதிரொலியைத் தன் அறைக்கு அழைத்தபோது, உலைக்களத்து இரும்பாய்க் கனன்றிருந்தாள் அருவி.

“அந்த வால்வு சுருங்கினா என்ன கேக்கும்? சொல்லு.”

அவன் சொன்னான். அவள் பேரவையில் உரைத்த உவமைகள் யாவும், வைத்த இடத்தில் வைத்தபடியே, அவன் வாயினின்று வந்தன.

“இவ்வளவு தெரிஞ்சவனுக்கு என் தங்கச்சி நெஞ்சுல அது ஏன் கேக்கல?”

அவன் தலை கவிழ்ந்தான். “நீங்க சொன்னதைக் கேட்டிருக்கேன் மேடம். அந்தச் சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்ல. வார்டுல நோயாளி பக்கத்துல நின்னாலும், நாங்க எல்லாரும் உங்களையேதான் கேட்டுட்டிருப்போம்.”

கனன்ற இரும்பு நீரில் தோய்ந்தாற்போல் அவள் சினம் அடங்கிற்று. ஏசுதற்கு எடுத்த சொற்களெல்லாம் அவள் பக்கமே திரும்பி நின்றன.

இதை அறிந்த தங்கை, அறுவைக்கு நாள் குறித்த பின்னர், தானே வாய் திறந்தாள். “பசங்களைக் கூட்டிட்டு வா அக்கா. ஆபரேஷன் ஆயிட்டா இந்தச் சத்தம் போயிடும்னு சொல்றே. அதுக்குள்ள கேட்டுக்கட்டும்.”

களைத்துப்போவாளே என்று அருவி தயங்கினாள், தங்கை விடவில்லை. அவ்வாறே மாணவர் சிறுசிறு குழுக்களாய் அக்கட்டிலருகே வந்தனர். எதிரொலி முன்னே வந்து, செவிக்குழலை அழுந்த வைத்தான். ஒன்றும் கேளாமல் விழித்தான். அழுத்தினால் அவ்வொலி மறையும் என்று சொல்ல அருவியின் நாத் துடித்தது.

“அக்கா, கொஞ்சம் பேசாம இரேன்,” என்றாள் தங்கை. “நீ ஆரம்பிச்சா அவன் காதுல நீதான் விழுவே.”

அவன் கையைத் தளர்த்தினான். குழலைச் சற்றே நகர்த்தினான். பின்னர் அவன் முகம் மாறிற்று. கண்களை மூடிக்கொண்டு நெடுநேரம் அக்குழலை எடாதிருந்தான்.

“மன்னிச்சுடுங்க,” என்றான் இறுதியில்.

“கேட்டுச்சா? அப்ப சரி. அடுத்த ஆளை வரச்சொல்லு, எனக்கு முதுகு வலிக்குது.”

அறுவை முடிந்து, அஞ்சிய நாள்கள் கழிந்து, தங்கை மாடிப்படிகளை நில்லாது ஏறினாள். அவ்வொலியும் அவள் நெஞ்சினின்று அறவே நீங்கிற்று.

அதன்பின் அருவி பேரவை உரைகளைக் குறைத்தாள். “பசங்க உங்க பேச்சுக்காகத்தான் இங்க சேர்றாங்க,” என்று கல்லூரி முதல்வர் வருந்தினார். “அதைக் கேட்டுட்டே போயிடறாங்க சார். இனிமே நோயாளியைக் கேக்கட்டும்,” என்றாள் அவள். அருவி வற்றிவிட்டது என்று மாணவர் முணுமுணுத்தனர். அவளுக்கும் அது எளிதாயில்லை. நுண்ணறிவுடையீர், புகழின் சுவையறிந்த நெஞ்சு அதை ஒருநாளில் மறப்பதுண்டோ? கட்டிலருகே மாணவன் தட்டித் தடுமாறித் தேடும்போதெல்லாம், கையொலி முழங்கிய அக்காலைகளை எண்ணி அவள் ஏங்கியதுண்டு. ஏங்கியவாறே வாய்மூடி நின்றதும் உண்டு.

ஆண்டுகள் பல உருண்டன. முதுமை எய்திய தங்கை ஒரு நண்பகல் உறக்கத்திலேயே அடங்கினாள். துயர் கேட்க வந்தோரிடையே, நரைத்த தலையோடு எதிரொலியும் வந்து அருவியின் அருகே அமர்ந்தான். மெல்லச் சொன்னான்: “நேத்து ஒரு அம்மாவுக்கு அதே சத்தம் மேடம். என்கிட்ட படிக்கற பொண்ணு கண்டுபிடிச்சா. நான் வாயே திறக்கல.”

அருவி அவன் கையைப் பற்றிக்கொண்டாள். கேட்போர் மயங்கச் சொல்லும் சொல் அவையோடு கலைந்துபோக, ஒருத்தி தன் நோவினிடையே விரும்பி ஈந்த நெஞ்சொலியோ, அவள் மறைந்த பின்னும், அவளை அறியாத செவிகளில் எங்கெங்கோ உயிர் காத்துக்கொண்டிருந்தது.