கடைசித் தெருவுக்குத் தண்ணீர்

கட்டிலுக்கடியில் குனிந்து அவள் வால்வுச் சாவியை இழுத்தாள். இடுப்புயர இரும்புச் சாவி கட்டில் காலில் இடித்ததில், மேலே கிடந்த கணவரின் கை லேசாக ஆடியது. பழக்க தோஷத்தில் "பாத்து, பாத்து" என்றாள். விடியும்போது அவர் மூச்சு நின்றதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எங்க அண்ணி கெளம்பிட்டீங்க?" என்று நாத்தனார் கேட்டாள்.

"தண்ணி தொறக்க."

பேரூராட்சி என்று பேர்தானே ஒழிய, மேட்டிலிருந்து பள்ளம் வரை ஆறு தெரு, ஒரு கல்குவாரி, ஒரு பால் சொசைட்டி, அவ்வளவுதான் ஊர். தெருத்தெருவாக வால்வைத் திறந்து மூடுவது முப்பத்தொரு வருடமாக அவர் வேலை. கடைத்தெருவுக்கு நாற்பது நிமிடம். குவாரிக்காரர்கள் தெருவுக்கு ஐம்பது, தூசி போகக் குளிக்க வேண்டுமே. பள்ளிக்கூடத் தெருவில் பாதி வீட்டுக்காரர்கள் பூட்டிவிட்டுப் பிழைக்கப் போய்விட்டதால் அங்கே அரைமணி இருபதாகிவிட்டது. ஊரில் எத்தனை பேர் மிச்சம் என்று ஆபீசைவிட அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

பள்ளத்திலிருந்த சொந்தத் தெருவை மட்டும் கடைசியில் வைத்தார். வால்வுக்காரன் வீட்டுக்கு முதல் தண்ணீர் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாதாம். இந்த வீம்புக்காக அவள் போடாத சண்டையில்லை. நூல் மாதிரி ஒழுகுவதில் குடம் நிறைவதற்குள் அடுப்பில் வைத்தது கருகிவிடும்.

போன வருடம் மூச்சிரைப்பு முற்றியபின் சாவியைத் திருப்பியது அவள்தான். அவர் பக்கத்தில் நின்று சுற்றுகளை எண்ணுவார். ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று வெளியே மூச்சு விடவில்லை. எந்த வால்வுக்கு எத்தனை சுற்று என்பது இன்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நேற்று முழுக்கக் கரண்ட் இல்லாததால் மேட்டுத் தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. வீட்டில் ஒரு குடம்கூட இல்லை.

நாத்தனார் வாசல்வரை கூடவே வந்தாள். "இன்னிக்கு ஒரு நாளாவது நம்ம தெருவ மொதல்ல தொறங்க அண்ணி. வரிசையா வந்தா இங்க சொட்டுகூட வராது. அப்புறம் அண்ணன எதுல குளிப்பாட்டுவீங்க?"

நியாயம்தான். பக்கத்து வீட்டுக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். அவளும் அந்த எண்ணத்தில்தான் தெருமுனைக்குப் போய் வால்வுக் குழியின் மூடியை விலக்கிச் சாவியை மாட்டினாள். திருப்ப மனசு வரவில்லை. தினமும் இந்த மூடியைத் தாண்டித்தான் அவர் மேட்டுக்கு நடந்தார், மூச்சிரைக்க ஆரம்பித்த பிறகும்.

"வீம்பு புடிச்ச மனுஷா," என்று திட்டிக்கொண்டே சாவியை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். ஏறும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கடைத்தெருவில் தையற்காரர் மனைவிக்கு 'அஞ்சு நிமிஷம்' என்றே பட்டப்பெயர். வால்வை மூடப்போனால் போதும், இன்னும் அஞ்சு நிமிஷம் விடச் சொல்லி வால்வுக்காரரோடு மல்லுக்கு நிற்பாள். இன்று அவள் சாவியையும், அதைத் தனியாகச் சுமந்து வந்தவளையும் பார்த்தாள். ஒரே ஒரு குடம் பிடித்துக் குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள். மற்றவர்களும் அப்படியே போனார்கள். வால்வுக்காரர் மனைவிக்கு அது மனதில் படவில்லை. தன் மணிக்கட்டில் தொளதொளத்த அவருடைய வாட்சையே பார்த்து நின்று, நேரம் ஆனதும் மூடிவிட்டு அடுத்த தெருவுக்கு இறங்கினாள். கீழே ஒவ்வொரு தெருவிலும் அதே ஒற்றைக் குடம்தான்.

கடைசி வால்வைத் திறந்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழாய் இருமியது. வழக்கமான நூலை எதிர்பார்த்துக் காலி வாளியை வைத்தாள். தண்ணீர் விழுந்த வேகத்தில் வாளி கவிழ்ந்து உருண்டது. நாத்தனார் ஓடிவந்து அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். கடைத்தெருவில் பார்த்த அந்த ஒற்றைக் குடம் அப்போதுதான் வால்வுக்காரர் மனைவியின் நினைவுக்கு வந்தது. குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வாளி, குடம், அண்டா எல்லாம் நிறைந்தன. வாட்சில் அவர்கள் தெருவுக்கான இருபது நிமிடம் ஆகியிருந்தது. தண்ணீர் இன்னும் அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தது. நேரம் ஆகிவிட்டது, மூடிவிட்டு வருகிறேன் என்று சாவியோடு எழுந்தாள்.

வாசலில் தையற்காரர் மனைவி நின்றிருந்தாள். சாவியின் மேல் கையை வைத்தாள்.

"அஞ்சு நிமிஷம் ஓடட்டும்க்கா."

வால்வுக்காரர் மனைவி சாவியைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதல் வாளியைக் கட்டிலருகே தூக்கிப் போனாள்.